எதிர்ப்பக்கத்துக் கை

அந்தப் பட்டறையில் 'மச்சான் கம்பெனி' எங்கே என்று யாரிடம் கேட்டாலும் கையை நீட்டிவிடுவார்கள். கடைசி வரிசைத் தூண்களுக்கு நடுவில், காற்று உள்ளே வராதபடி தார்ப்பாய் தொங்கவிட்ட மூலை அது. உள்ளே எந்நேரமும் ஒரு தடித்த எவர்சில்வர் குழாய் தாங்கிகளின் மேல் படுத்திருக்கும். குழாய்க்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று இரண்டு பேர் முக்காலி போட்டு உட்கார்ந்து வெல்டிங் வைத்துக்கொண்டிருப்பார்கள். ஒருவன் அவளுடைய அண்ணன். இன்னொருவர் அவளுடைய கணவர். இருவருக்கும் நடுவில் அளவுக் கருவிகளோடு நிற்பவள் அவள்.

சொந்தபந்தங்களில் யாருக்கும் இந்த வேலை பிடிபட்டதில்லை. எவர்சில்வர் என்று காதில் விழுந்ததும், டம்ளர் தட்டெல்லாம் சல்லிசாகக் கிடைக்குமா என்றுதான் கேட்பார்கள். பட்டறைக் குழாயின் சுவர் நான்கு விரல் தடிமன். அதில் டம்ளர் செய்தால் தண்ணீர் குடிக்கக் கிரேன் வேண்டும் என்று அவள் கணவர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு பதில் சொல்வார். கேட்டவர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் விழிப்பார்.

அந்த உலோகத்தின் குணமே தனி. சூடு பட்டால் சாதாரண இரும்பைவிட அதிகமாக விரியும். சூட்டைச் சுற்றிலும் பரவ விடாமல் பட்ட இடத்திலேயே தேக்கி வைத்துக்கொள்ளும். ஆறும்போது அந்த இடத்தைப் பிடித்துச் சுருக்கி இழுக்கும். இரண்டு குழாய்களின் வாயைச் சேர்த்து வைத்து, நடுவில் உள்ள பள்ளத்தைச் சுற்று மேல் சுற்றாக நிரப்பிக்கொண்டு வரும்போது ஒவ்வொரு சுற்றும் ஆறி ஆறிச் சுருங்கும். எந்தப் பக்கம் முதலில் நிரம்புகிறதோ அந்தப் பக்கமாகக் குழாய் சாய்ந்துவிடும். அப்படிச் சாய்ந்ததைச் சங்கிலி போட்டு இழுத்து நிமிர்த்தலாம்தான். பார்வைக்கு நேராக நிற்கும். ஆனால் அந்த இழுவிசை உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். பல வருஷம் கழித்து, கொதிநீராவி போய் வந்துகொண்டிருக்கும் ஒரு நாளில், அங்கேதான் விரிசல் விடும்.

அதனால் ஆரம்பத்திலிருந்தே அதைத் தாஜா பண்ணித்தான் வேலை வாங்க வேண்டும். பள்ளத்தைக் குறுகலாக வெட்டுவார்கள். நிரப்புகிற உலோகம் குறைந்தால் சுருக்கமும் குறையும். கரண்டைக் குறைத்து வைப்பார்கள். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் நூற்றைம்பது டிகிரிக்குக் கீழே ஆறும்வரை வெல்டிங் டார்ச்சைத் தொட மாட்டார்கள். எப்படியும் கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும் என்று நீளத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூட விட்டு வெட்டுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு பேர் ஒரே நேரத்தில் எதிரெதிரே உட்கார்ந்து, குழாயின் அடிவயிற்றில் தொடங்கி உச்சி வரைக்கும், ஒரே வேகத்தில் ஏறி வர வேண்டும்.

அந்த ஒரே வேகத்துக்குத்தான் பஞ்சம். அண்ணன் எத்தனையோ பேரோடு உட்கார்ந்து பார்த்தவன். ஒருவன் ஓடுவான், ஒருவன் ஊர்வான். வேறொரு பட்டறையிலிருந்து வந்து சேர்ந்தவர் ஒருவரோடு முதல் ஜாயின்ட் வைத்த அன்று, குழாயின் சாய்வைக் காட்டும் இரண்டு பக்கத்து டயல்களின் முள்ளும் அசையவே இல்லை. அண்ணன் அன்று சாயங்காலமே அவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டி வந்தான். அடுத்த வருஷம் அவர் தங்கச்சி மாப்பிள்ளை ஆகிவிட்டார். தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தனக்கு ஜோடி பார்த்துக்கொண்டார் என்று அண்ணி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

அவள் அப்போது பட்டறையின் அளவு அறையில் வேலை பார்த்தாள். கல்யாணத்துக்குப் பிறகு ஃபோர்மேன் அவளை அந்த மூலைக்கே மாற்றிவிட்டார். குழாய் ஆறுகிற இடைவேளைகளில் மச்சானும் மாப்பிள்ளையும் பேசுகிற பேச்சில் பக்கத்து ஆட்கள் வேலை மறந்து நிற்கிறார்கள், அவர்கள் வாயை அடக்க ஆள் வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். அடக்க அவளாலும் முடியவில்லை. அண்ணனுக்கு விழுந்த வழுக்கையிலிருந்து அண்ணி வைத்த குழம்பு வரைக்கும் எதுவும் தப்பாது. வெப்பமானி நூற்றைம்பதுக்குக் கீழே இறங்கியதும் அவள் "ம்" என்பாள். இருவரும் முகமூடியை இறக்குவார்கள். அத்தோடு பேச்சு நின்றுவிடும். பிறகு தார்ப்பாய்க்குள் இரண்டு நீல வெளிச்சங்கள் மட்டும், பக்கத்துக்கு ஒன்றாக, அங்குலம் அங்குலமாக மேலே ஏறும்.

இப்படிப் பல வருஷம் ஓடியது. அவளுக்கும் கணவருக்கும் குழந்தை இல்லை. அண்ணனின் மகளே இரண்டு வீட்டுக்கும் செல்லமாக வளர்ந்து, கல்யாணமாகிப் போய்விட்டாள்.

ஒரு மதியம், சுற்று பாதியில் இருக்கும்போது, டயலின் முள் அண்ணன் பக்கமாக நகர்ந்தது. அவள் கருவியை ஒருமுறை தட்டிப் பார்த்தாள். முள் திரும்பவில்லை. அண்ணன் முந்துகிறான் என்று அர்த்தம்.

"அண்ணா, ஓடாதே. உன் பக்கம் இழுக்குது."

அண்ணன் டார்ச்சைத் தூக்கி, முகமூடியை ஏற்றி, முதலில் டயலைப் பார்த்தான். பிறகு குழாய்க்கு மேலாக எதிர்ப்பக்கம் எட்டிப் பார்த்தான். சரிம்மா, குறைச்சுக்கிறேன் என்றான். மாப்பிள்ளை முகமூடிக்குள்ளிருந்தே, மச்சானுக்கு வீட்டுக்குப் போக அவசரம், அக்கா இன்னிக்கு ஏதோ பலகாரம் செய்யுதாம் என்றார். வழக்கமான கேலிதான். அவளும் சிரித்துவிட்டு விட்டுவிட்டாள்.

அதன் பிறகு முள் ஒழுங்காக நின்றது. ஆனால் அண்ணன் வேலையில் ஒரு தடுமாற்றம் வந்து ஒட்டிக்கொண்டது. ஒரு சாண் ஏறுவதற்குள் உருக்கி நிரப்புகிற கம்பியைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்து தேடுவான். முகமூடிக் கண்ணாடியைத் துடைப்பான். கையுறையை உதறி மறுபடி மாட்டுவான். அவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறவனுக்கு இது என்ன புதுப் பழக்கம் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. கண் மங்கிவிட்டதோ என்று அண்ணியிடம் சொல்லிக் கண் டாக்டரிடம் கூட்டிப் போகவும் சொன்னாள். கண் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இன்னொன்றும் அவள் கவனத்துக்கு வந்தது. சுற்று முடிந்து வெப்பமானியை வைத்தால் கணவர் பக்கம் சூடு அதிகமாகக் காட்டியது. அண்ணன் பக்கம் ஆறிய பிறகும் அவர் பக்கம் ஆற நெடுநேரம் பிடித்தது. கரண்டைக் கூட்டி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டாள். வேண்டுமென்றால் மிஷினை வந்து பார்த்துக்கொள் என்று வெடுக்கென்று சொன்னார். போய்ப் பார்த்தாள். கரண்ட் குறைவாகத்தான் இருந்தது. இருக்க வேண்டிய அளவைவிடவும் குறைவாக இருந்தது. அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. டார்ச் மெதுவாக நகர்ந்தால் அதே கரண்டிலும் அந்த இடத்தில் சூடு ஏறும் என்பது அவளுக்குத் தெரியாத சங்கதி இல்லை. ஆனால் தன் கணவரின் கையோடு அதைச் சேர்த்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

அந்த நாட்களில் வைத்த குழாய்களில் ஒன்று நீளம் குறைந்து வந்தது. வளைவுகளோடு நான்கு ஜாயின்ட் போட்ட பெரிய குழாய் அது. கூட விட்டிருந்த மில்லிமீட்டர்களையெல்லாம் விழுங்கிவிட்டு அதற்கு மேலும் சுருங்கியிருந்தது. வெல்டிங்கில் பொத்தல் இல்லை, விரிசல் இல்லை, எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்ததில் பழுதே இல்லை. ஆனால் போய் உட்கார வேண்டிய இடத்தில் எட்டவில்லை. இழுத்துப் பூட்டினால் இழுவிசை உள்ளே அடைபடும் என்பதால் வெட்டித்தான் ஆக வேண்டும். ஃபோர்மேன் தார்ப்பாயை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். கத்துகிற ஆள் இல்லை அவர். இத்தனை வருஷத்தில் உங்களிடமிருந்து இப்படி ஒன்று வந்ததில்லையே, சூடு எங்கே கூடியது என்று கேட்டார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் எழுந்துவிட்டான். "நான்தான் சார். என் பக்கம் நிறுத்தி நிறுத்தி வச்சதுல கணக்குத் தப்பிப்போச்சு. மாப்பிள்ளை மேல குத்தமில்ல."

ஃபோர்மேனும் அவன் கம்பியைப் போட்டுவிட்டுத் தேடுவதைக் கண்ணால் பார்த்திருந்தார். கொஞ்ச காலம் வெட்டுகிற பிரிவில் இரு, பிறகு பார்க்கலாம் என்றார். அண்ணன் முகமூடியையும் கையுறையையும் பையில் போட்டுக்கொண்டு போனான். அவள் கணவர் முக்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தார். மச்சானுக்காக ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று அன்று அவளுக்கு அவர்மேல் கோபம் வந்தது.

வேலை விட்டதும் அவள் சைக்கிள் நிறுத்தும் இடத்துக்கு ஓடி அண்ணனைப் பிடித்தாள். சூடு கூடியது உன் பக்கம் இல்லை, வெப்பமானியைப் பிடித்தவள் நான், எதற்குப் பொய் சொன்னாய் என்று கேட்டாள். அவன் பூட்டைத் திறப்பதும் பூட்டுவதுமாக நின்றான்.

"சொன்னா நீ தாங்கணும்," என்றான். "மாப்ள கை சரியில்ல. தண்ணி பாட்டில் மூடியைத் திறக்க முடியாம பல்லால கடிச்சதைப் பார்த்தேன். டார்ச்சை ரெண்டு கையாலயும் பிடிக்கிறான். நகர முடியல அவனுக்கு. நான் முன்னால போனா குழாய் இழுத்துடும். அதான் நின்னு நின்னு போனேன். சூடு ரொம்ப ஏறிடக் கூடாதுன்னு அவன் மிஷின்ல கரண்டைக் குறைச்சதும் நான்தான்."

"அவருக்குத் தெரியுமா?"

"கை போறது அவனுக்குத் தெரியாம இருக்குமா? நான் நிக்கிறதுதான் தெரியாது. தெரிய வேணாம். தெரிஞ்சா அன்னிக்கே டார்ச்சைக் கீழ வச்சுடுவான். இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும்மா."

அவள் வீட்டுக்கு வந்தாள். அதுவரை பார்த்தும் பார்க்காமல் இருந்ததெல்லாம் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. சட்டைப் பொத்தான்களை அவிழ்க்காமலே தலைவழியாகக் கழற்றி மாட்டும் பழக்கம் எப்போது வந்தது? இடது கையால் சவரம் செய்கிறாரே, அது எப்போதிலிருந்து? அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தபோது வலது கையைப் பார்த்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சதை வற்றி, ஒரு குழி விழுந்திருந்தது. அந்தக் கையைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

விடுமுறை நாளில் பேச்சை எடுத்து, நயமாக டாக்டரிடம் கூட்டிப் போய்விட வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டாள். அதற்குள் பட்டறையில் எதிர்ப்பக்கத்து முக்காலிக்குப் புது ஆள் வந்துவிட்டான்.

நல்ல வேலைக்காரன், நடுத்தர வயசு, அதிகம் பேசாதவன். அவனுக்கு இந்தக் குடும்பக் கதையெல்லாம் தெரியாது. அடிவயிற்றில் தொடங்கி, தனக்குப் பழக்கமான வேகத்தில் ஏறினான். பக்கவாட்டுக்கு வந்து சேர்வதற்குள் முள் அவன் பக்கம் ஓடியது. அவள் நிறுத்தச் சொன்னாள். குறைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மறுபடி தொடங்கவைத்தாள். மறுபடியும் ஓடியது. அவன் சலித்துக்கொள்ளாமல், இதற்கு மேல் குறைத்தால் ஒரே இடத்தில் சூடு ஏறிவிடும் அக்கா, இதுதான் வேகம் என்றான்.

கணவர் முகமூடியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். டயலைப் பார்த்தார். புது ஆள் வைத்திருந்த வரியை, மெல்லிசாக, ஒரே சீராகப் போயிருந்ததை, கண்ணை இடுக்கிப் பார்த்தார். சுற்றிக்கொண்டு தன் பக்கம் வந்து தான் வைத்ததைப் பார்த்தார். அது பாதி தூரமே வந்திருந்தது. தடித்து, மேடுதட்டிக் கிடந்தது.

"இவர் ஓடலை," என்றார் மெல்ல. "நான்தான் நின்னுட்டேன்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அதில் ஆச்சரியம் இல்லாததைப் பார்த்தார். அந்த நொடியில் எல்லாம் அவருக்குப் புரிந்துபோயிருக்க வேண்டும். கீழே விழுந்த கம்பிகள், துடைத்த கண்ணாடி, நீளம் குறைந்த குழாய் எல்லாம். கையுறையை வலது கையிலிருந்து பல்லால் கடித்து இழுத்தார். யாரும் பார்க்கிறார்களா என்று அன்று அவர் கவலைப்படவில்லை. நேராக வெட்டுகிற பிரிவுக்கு நடந்தார். அவள் பின்னாலேயே ஓடினாள்.

அண்ணன் ரம்பத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டுக்கொண்டிருந்தான்.

"எத்தனை நாளா எனக்காகக் காத்துக்கிட்டிருந்தே?"

அண்ணன் தண்ணீரை நிறுத்திவிட்டு, "காத்திருக்கல மாப்ளே. கம்பி கீழ விழுந்தது, எடுத்தேன்," என்றான். சிரிக்கவும் முயன்றான்.

கணவர் சிரிக்கவில்லை. "கண்ணு தெரியாதவனை நடத்திக் கூட்டிட்டுப் போற மாதிரி அண்ணனும் தங்கச்சியுமா என்னை நடத்தியிருக்கீங்க. நான் நல்லா வேலை செய்யறேன்னு நினைச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். உன்னைக் கேலி பண்ணிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை என் முகத்துக்கு நேரா சொல்லியிருந்தா, கை போனாலும் எனக்கு மரியாதை மிஞ்சியிருக்கும்."

"மாப்ளே..."

"இனிமே நீ என் வீட்டுக்கு வராதே."

அதைச் சொல்லும்போது அவர் குரல் உயரவே இல்லை. அதனாலேயே அதை யாராலும் மாற்ற முடியவில்லை. ஃபோர்மேனிடம் போய் நடந்ததைச் சொன்னார். தப்பு மச்சானுடையது இல்லை, என்னுடையது என்றார். அன்றே வேலையை விட்டார்.

டாக்டரிடம் போவதற்கு அவள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சு தேவைப்படவில்லை. அவரே கிளம்பி வந்தார். நரம்புகளைச் சோதித்துப் பார்த்த டாக்டர், தசையை இயக்குகிற நரம்புகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டு வருகின்றன என்றார். இன்று கை, பிறகு கால், பிறகு நாக்கு, தொண்டை, கடைசியில் மூச்சு. அறிவு கடைசி வரை தெளிவாக இருக்கும் என்று ஆறுதல் போலச் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது படியில் அவள் கையைப் பிடிக்க வந்ததை வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, கம்பியைப் பிடித்துத் தானே இறங்கினார்.

அவளோடு அவர் பேசினார். கோபம் இருந்தது, ஆனால் அவளோடு ஒரே வீட்டில், ஒரே தட்டுமுட்டுகளுக்கு நடுவில் பேசாமல் எத்தனை நாள் இருக்க முடியும்? சாப்பாடு, மருந்து, ஜன்னலைத் திற, மின்விசிறியைக் குறை என்று தொடங்கி, மெல்ல மெல்லப் பழைய பேச்சே திரும்பிவிட்டது. அண்ணன் பேச்சு மட்டும் வரக்கூடாது. வந்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்.

அண்ணன் வந்தான். ஒவ்வொரு விடுமுறை நாளும் பழமோ காய்கறியோ வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறி வருவான். கதவருகே பையை வைத்துவிட்டு, உள்ளே வராமல், மேல்படியில் உட்கார்ந்துகொள்வான். அவள் டீ கொண்டுபோய்க் கொடுப்பாள். இன்றைக்கு எப்படி இருக்கிறான் என்று கிசுகிசுப்பாகக் கேட்பான். அவன் இருமினால் உள்ளே கட்டிலில் இருப்பவருக்குக் கேட்கும். கேட்கிறது என்பது அவர் கண்ணை மூடிக்கொள்வதில் அவளுக்குத் தெரியும்.

அண்ணி ஒரே ஒரு தடவைதான் வந்தாள். கூடத்து நடுவில் நின்றுகொண்டே, உள்ளே கேட்கட்டும் என்றுதான் பேசினாள். இந்த மனுஷனுக்காக அந்த மனுஷன் தன் பேரைக் கெடுத்துக்கொண்டார், தூசியில் நின்று இரும்பு அறுக்கிறார், படிக்கட்டில் பிச்சைக்காரன் மாதிரி உட்கார்ந்துவிட்டு வருகிறார், அப்படி என்ன துரோகம் செய்துவிட்டார் என்று கேட்டாள். அண்ணி சொன்னதும் நியாயம். உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டு, டீகூடக் குடிக்காமல் இறங்கிப் போனாள்.

நோய் டாக்டர் சொன்ன வரிசையிலேயே வந்தது. இடது கையும் ஓய்ந்தது. நடை தள்ளாடியது. பிறகு பேச்சு குழற ஆரம்பித்தது. முதலில் 'ர' போயிற்று, பிறகு 'ல'. சாயங்காலம் ஆக ஆக வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும். பக்கத்திலேயே இருந்ததால் அவளுக்கு மட்டும் புரிந்தது. பார்க்க வந்தவர்களுக்குப் புரியாமல், அவர்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். அப்படித் தலையாட்டுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. ஒருமுறை, வேண்டுமென்றே, உன் தலையில் இடி விழ என்று ஒருவரிடம் சொல்லிப் பார்த்தார். வந்தவர் ஆமாம் ஆமாம் என்று பலமாகத் தலையாட்டினார். அன்று கணவன் மனைவி இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு அதற்குப் பிறகு வரவில்லை.

ஒரு விடுமுறை நாள் காலையில் அவர் குளியலறையில் விழுந்துவிட்டார். அவள் அக்குளுக்குள் கை கொடுத்துத் தூக்கப் பார்த்தாள். ஈரத் தரையில் கால் வழுக்கியது. ஓய்ந்த உடம்பு அப்படிக் கனத்தது. யாரையாவது கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தாள். மேல்படியில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். அவள் கை ஈரத்தைப் பார்த்துவிட்டு அவனே எழுந்து உள்ளே வந்தான்.

குனிந்து, ஒரு கை முதுகுக்கும் ஒரு கை முழங்காலுக்கும் கொடுத்து, அவரை அள்ளித் தூக்கிக் கட்டிலுக்குக் கொண்டுவந்தான். துண்டை வாங்கித் தலையைத் துவட்டினான். சட்டை மாற்றினான். அவர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொன்னார். அண்ணனுக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னார். அண்ணன் தங்கையைப் பார்த்தான்.

"நீ ஏன் இத்தனை நாளா வெளியவே உட்கார்ந்திருந்தேன்னு கேக்கறாரு," என்றாள்.

அண்ணன் துண்டை மடித்தான். மறுபடி பிரித்தான். "வராதேன்னு சொன்னியே மாப்ளே," என்றான். பெரிய மனுஷன், வழுக்கைத் தலைக்காரன், சின்னப் பிள்ளை மாதிரி உதடு கோணி அழுதான்.

அன்று முதல் அவன் தினமும் வேலை முடிந்ததும் வந்தான். குளிப்பாட்டினான், சவரம் செய்தான், புரட்டிப் படுக்க வைத்தான். ஆனால் பேச்சு இல்லை. பேச ஆரம்பித்தால் அவர் சொல்வது அவனுக்குப் புரியாது. அவள் நடுவில் நின்று எடுத்துச் சொல்ல வேண்டும். இரண்டு பேரும் எத்தனை மணி நேரம் குழாய் ஆறக் காத்துக்கொண்டு வாய் ஓயாமல் பேசியவர்கள். இப்போது அவள் வாய் வழியாக வருகிற பேச்சில் கேலி செத்துப்போயிருந்தது. அண்ணன் வழுக்கையைப் பற்றி அவர் சொன்ன ஏதோ ஒன்றை அவள் எடுத்துச் சொல்வதற்குள் சிரிக்கிற நேரம் கடந்துவிட்டது. சில வாரங்களில் அவளுக்கும் புரியாமல் போயிற்று. பிறகு கண்களால் மட்டும், வேண்டும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மழை பெய்துகொண்டிருந்த ஒரு பகலில், அண்ணன் அவருக்குத் தலையணையைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது, மூச்சு நின்றது. அண்ணனுக்கு உடனே தெரியவில்லை. தலையணையைத் தட்டி, வசதியாக இருக்கிறதா மாப்ளே என்று கேட்டுவிட்டு, கண்களின் பதிலுக்காகக் காத்திருந்தான்.

அவள் பட்டறைக்குத் திரும்பினாள். அளவு அறைக்கே கேட்டு மாற்றிக்கொண்டாள். கடைசி வரிசை மூலையில் வேறு இரண்டு பேர் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். நன்றாகவே செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டாள். அண்ணனை ஃபோர்மேன் இரண்டு முறை திரும்பக் கூப்பிட்டார். அவன் வெட்டுகிற பிரிவே போதும் என்றுவிட்டான்.

கணவரின் துணிகளை எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அவள் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள். ஒருநாள் அண்ணியே அண்ணனோடு வந்து, அலமாரியைத் திறந்து, தரையில் உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்தாள். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.

"உன் மேல எனக்குக் கோபம் இருந்தது," என்றாள் அண்ணி ஒரு சட்டையை மடித்துக்கொண்டே. "இப்பவும் கொஞ்சம் இருக்கு. மறைச்சுப் பேசத் தெரியல எனக்கு."

"இருக்கட்டும் அண்ணி," என்றாள் அவள். அப்படி ஒருவர் முகத்துக்கு நேராகச் சொன்னது அவளுக்கு ஒருவிதத்தில் நிம்மதியாகத்தான் இருந்தது.

அண்ணன் ஜன்னலோரம் நின்றிருந்தான். உதவிக்கு என்று வந்தவன், ஒரு துணியைக்கூடத் தொடவில்லை.

"அவன் டார்ச் பிடிச்சுக்கிட்டு இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்னுதான் அப்படிச் செஞ்சேன்," என்றான் வெளியே பார்த்தபடி. "ரெண்டு மாசமோ மூணு மாசமோ கிடைச்சுது. அதுக்கு அப்புறம் அவன் என்கிட்ட பேசாம இருந்தான் பாரு, அத்தனை மாசம். அவன் நாக்கு நல்லா இருந்த மாசமெல்லாம் அதுதான்."

அண்ணி மடித்த துணிகளை ஒரு பையில் அடுக்கி, வாயைக் கட்டி, இதைக் கொஞ்சம் கீழே கொண்டுபோய் வையுங்கள் என்று அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்து, இறங்கிப் போனான்.